அவன் நடிகன்

சென்ற மாதம் ஒரு புத்தக வெளியீட்டு விழா முடிந்தபின் மண்டபத்தின் பின்கட்டில் நாங்கள் நாலைந்து பேர் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு வழக்கம்போல் இலக்கியத்தில் ஆரம்பித்துச் சினிமாவில் போய் நின்றது. சினிமாவில் தாய் வேஷம் என்றால் உங்களுக்கு முதலில் யார் ஞாபகம் வருகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் ஓர் அமெரிக்க நடிகனின் பெயரைச் சொன்னேன்: டிவைன்.

"நடிகனா, நடிகையா?" என்று ஓர் இளைஞர் கேட்டார்.

"நடிகன்தான். சொந்தப் பெயர் கிளென் மில்ஸ்டெட். பெண் வேஷம் போட்டு நடித்தவன்" என்றேன்.

என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர் வாங்கியவர். அவர் தம் கையிலிருந்த டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, "யார், அந்த நாய் மலத்தைத் தின்றவனையா சொல்கிறீர்கள்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியவர் சொன்னாரே என்று சிரித்த அசட்டுச் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது இங்கே சொல்கிறேன்.

முதலில் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு விடுவோம். அவன் அதைச் செய்தான். 1972-ஆம் வருஷம் வெளிவந்த 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' என்ற படத்தின் கடைசிக் காட்சி அது. தந்திரக் காட்சி அல்ல, நிஜமாகவே செய்தான். உலகத்திலேயே அசிங்கமான ஆசாமி யார் என்று இரண்டு குடும்பங்களுக்குள் நடக்கும் போட்டிதான் படத்தின் கதை. அந்தப் பட்டத்தை வைத்திருக்கும் பெண்ணாக டிவைன் நடித்தான். டைரக்டர் ஜான் வாட்டர்ஸ் அவனுடைய இளமைக்காலத் தோழன். பத்துப் பன்னிரண்டாயிரம் டாலருக்குள் படத்தை முடித்தாக வேண்டும் என்ற நிலை. கையில் பணமில்லாதவர்கள் ஊரைத் திரும்பிப் பார்க்க வைப்பதற்காக என்னவெல்லாம் செய்வார்களோ, அதையெல்லாம் செய்தார்கள். நியூயார்க்கில் எல்ஜின் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாக அந்தப் படம் ஓடியது. ஊர் திரும்பிப் பார்த்தது.

அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தான். அதற்கு ஒரு தத்துவார்த்த விளக்கம் கண்டுபிடித்து, வாசகர்களே, உங்கள் காதில் பூச்சுற்ற எனக்கு உத்தேசமில்லை. நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. சில விநாடிகளில் முடிந்துபோன ஒரு காரியத்தை வைத்து இருபது வருஷ உழைப்பை அளப்பது என்ன நியாயம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அவனை வெறுப்பவர்கள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற ரசிகர்களும் இதையேதான் செய்கிறார்கள். "ஆகா, என்ன துணிச்சல்! சமூகத்தின் முகத்தில் காறி உமிழ்ந்த புரட்சிக்காரன்!" என்று அவர்களும் அந்தக் காட்சியையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு கூட்டம் அவனைச் சாக்கடையில் தள்ளுகிறது. இன்னொரு கூட்டம் அதே சாக்கடைக் கரையில் அவனுக்குச் சிலை எழுப்புகிறது. இரு சாராரும் அவனுக்கு உரிய ஒரே பட்டத்தைக் கொடுக்க மறுக்கிறார்கள். அந்தப் பட்டம், நடிகன் என்பது.

கிளென் மில்ஸ்டெட் 1945-ஆம் வருஷம் அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துப் பால்டிமோர் நகரத்தில் பிறந்தான். நடுத்தர வர்க்கத்துப் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. சிறு வயதிலிருந்தே உடம்பு பெருத்திருந்தது. குண்டு என்றும் பெண்பிள்ளை மாதிரி நடக்கிறான் என்றும் பள்ளிக்கூடத்தில் அவனைக் கேலி செய்தார்கள், அடித்தார்கள். படிப்பு முடிந்ததும் பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டான். அதே வட்டாரத்தில் வளர்ந்த வாட்டர்ஸ் அவனைத் தம் படங்களில் சேர்த்துக்கொண்டார். தெய்விகம் என்று பொருள்படும் 'டிவைன்' என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே.

அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க முடியாது. வான் ஸ்மித் என்ற ஒப்பனைக்காரர் டிவைனின் முன்மண்டையைப் பாதிவரை சிரைத்துவிட்டார். கண்ணுக்கு மை தீட்ட நெற்றியில் இடம் போதவில்லையாம்! புருவம் தலை உச்சியை நோக்கி ஏறியது. பள்ளிக்கூடத்தில் எந்த உடம்புக்காக அடி வாங்கினானோ, அந்த உடம்பை மறைக்காமல், இறுக்கமான உடையில் திணித்துக்கொண்டு காமிராவின் முன்னால் வந்து நின்றான். கல்லெறிந்தவர்கள் காசு கொடுத்து அதைப் பார்க்க வந்தார்கள்.

ஆனால் ஒப்பனை நடிப்பாகிவிடுமா? ஆகாது. அவனுடைய நடிப்பைப் பார்க்க வேண்டுமானால், 1974-ஆம் வருஷத்துப் படமான 'ஃபீமேல் டிரபிள்' பார்க்க வேண்டும். டான் டேவன்போர்ட் என்ற பள்ளி மாணவி. கிறிஸ்துமஸ் பரிசாக அவள் கேட்ட செருப்பைப் பெற்றோர் வாங்கித் தரவில்லை. அதற்காகக் கிறிஸ்துமஸ் மரத்தையே பெற்ற தாயின்மேல் தள்ளிவிட்டு வீட்டை விட்டு ஓடுகிறாள். வழியில் ஒரு முரடனால் கர்ப்பமாகிறாள். பிறகு திருடி, கொலைகாரி. பேரும் புகழும்தான் அழகு என்று நம்பி, கடைசியில் மரண தண்டனை நாற்காலியையே ஒரு பரிசு மேடையாக நினைத்துக்கொண்டு அதில் உட்காருகிறாள். ஒரு பெண்ணைப் பள்ளிப் பருவத்திலிருந்து சாவு வரைக்கும் ஒரே ஆள் நடித்துக் காட்டுகிறான். அது மட்டுமல்ல, அவளைக் கெடுக்கும் அந்த முரட்டு ஆண்பிள்ளையும் டிவைன்தான். ஒரே காட்சியில் இரண்டு பேராகவும் வருகிறான். டான் ஒரு மேடையில் வலைமேல் எகிறிக் குதிக்கிற காட்சி ஒன்று உண்டு. அதற்கு வேறு ஆளைப் போடாமல், அந்தப் பருத்த உடம்போடு தானே பயிற்சி எடுத்துக்கொண்டு குதித்தான். படம் அருவருப்பானது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதில் நடித்தவனுக்கு நடிக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும் என்று எனக்குத் தெரியும். "ஆண்பிள்ளை பெண் வேஷம் கட்டிக்கொண்டு கூத்தடிப்பது பெண்களை அவமானப்படுத்துவது ஆகாதா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மீசையைச் சிரைத்துப் புடவை கட்டிக்கொண்டால் போதும், சிரிப்பு தானாக வரும் என்று நம்பி எடுக்கப்பட்ட படங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் சிரிப்புக்கு இலக்கு பெண்தான். ஆனால் 'ஃபீமேல் டிரபி'ளில் சிரிப்புக்கு இலக்கு பெண் அல்ல, புகழ்ப் பைத்தியம். அழகு என்று பத்திரிகை சொல்வதையெல்லாம் நம்புகிற பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஆணாகப் பிறந்தவர் என்று ஊரால் எழுதப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து, பெண்ணாகவே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையை வேஷம் என்று சொல்வது அநியாயம். டிவைன் அப்படிப்பட்டவன் அல்ல. வேலை முடிந்ததும் பொய்ம்முடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரணச் சட்டையும் கால்சராயும் போட்டுக்கொண்டு போகிறவன். தான் ஒரு குணசித்திர நடிகன், பெண் வேஷம் தன் தொழில் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவன். ஆகவே அவர்களுடைய வாழ்க்கையை வேஷம் என்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இவனுடைய வேஷத்தை வாழ்க்கை என்பது.

பேராசிரியருக்கு இது புரியாத விஷயமா? ஸ்திரீ பார்ட் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் சீதையாகவும் வள்ளியாகவும் வந்த தேசம் இது. சிவாஜி கணேசன் சிறுவனாக மேடை ஏறிய காலத்தில் சீதை வேஷம் போட்டவர். டி.கே. ஷண்முகம் கிழவி வேஷத்தில் நடித்தார். நாம் என்ன செய்தோம்? அந்த வேஷத்தின் பெயரையே பட்டமாகச் சூட்டி, 'அவ்வை' ஷண்முகம் என்று அழைத்தோம். நம்மவர் செய்தால் கலை, பால்டிமோர்க்காரன் செய்தால் விகாரமா? "அவ்வை பாத்திரம் புனிதமானது, அவன் போட்டவை அசிங்கமான பாத்திரங்கள்" என்று பதில் வரலாம். அப்படியானால் உங்கள் சண்டை பாத்திரத்தோடு, நடிகனோடு அல்ல. இராவணன் வேஷக்காரனைக் கூத்து முடிந்ததும் கட்டி வைத்து அடிக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று நீங்கள் கேட்கலாம். கோபத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். தான் பெற்ற மகனை மனசார வெறுக்கிற ஒரு தாய், தன் கதையைத் தானே சொல்கிறாள். அவளை நல்லவளாக்கவும் இல்லை, அவளுக்குத் தண்டனை கொடுக்கவும் இல்லை. கடிதங்கள் வந்தன. அதில் ஒன்று, "உங்கள் தாயார் உங்களை என்ன பாடு படுத்தியிருந்தால் இப்படி எழுதியிருப்பீர்கள்!" என்று மிகுந்த அனுதாபத்தோடு எழுதப்பட்டிருந்தது. நான் வீட்டில் இல்லாத நேரம். தபால்காரர் கொடுத்த அந்தக் கடிதத்தை என் அம்மா பிரித்துப் படித்துவிட்டாள். நான் வந்ததும் அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. சாதம் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "ஏண்டா, நான் அப்படியா இருந்தேன்?" என்று கேட்டாள். அந்தப் பாத்திரத்தை நான் படைத்தேன், அவ்வளவுதான் என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள். புரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கதையைக் கதையாகப் படிக்கத் தெரியாத ஒருவர் எழுதிய ஒரு கார்டு, எழுபது வயதுக் கிழவியின் மனசில் முள்ளாகத் தைத்தது. நடிகனை வேஷத்தோடு சேர்த்துப் புதைக்கிற பேச்சைக் கேட்டால் எனக்கு அந்த முள் ஞாபகம் வருகிறது.

டிவைனுக்கும் ஒரு தாய் இருந்தாள். 1970-களின் தொடக்கத்தில் அவனுக்கும் பெற்றோருக்கும் இருந்த உறவு அற்றுப்போயிற்று. பிள்ளை எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று தெரியாமல் பல வருஷங்கள் கழிந்தன. அப்புறம்தான் மறுபடி சேர்ந்தார்கள். அவன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2001-இல், அந்தத் தாய் ஃபிரான்சஸ் மில்ஸ்டெட் தன் மகனைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டாள். டிவைன் என் மகன் என்று அட்டையிலேயே சொல்கிற புத்தகம். நாம் ஒரு கேலியில் முடித்துவிடுகிற மனிதனை, அவனால் அதிகமாகப் புண்பட்டிருக்கக்கூடிய ஒருத்தி தன் பிள்ளை என்று உலகறியச் சொன்னாள்.

இனி அவன் பாட்டுக்கு வருவோம். அவனுக்குப் பாடத் தெரியாது. இதை நானே சொல்லிவிடுகிறேன். வேறொருவர் சொல்ல வேண்டாம். குரல் கரகரப்பு, பாதி பாட்டு, பாதி அதட்டல். ஆனாலும் 1980-களின் தொடக்கத்திலிருந்து அவன் இசைத்தட்டுகள் வெளிவந்தன. 'நேட்டிவ் லவ்', 'ஷூட் யுவர் ஷாட்' என்ற நடனப் பாட்டுக்கள் அமெரிக்காவைவிட ஐரோப்பாவில் நன்றாக விலை போயின. 1984-இல் 'யூ திங்க் யூ ஆர் எ மேன்' என்ற பாட்டு பிரிட்டனின் விற்பனை வரிசையில் 16-ஆவது இடம் வரைக்கும் ஏறியது. ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் என்ற மூவர் அதைத் தயாரித்தார்கள். பின்னால் பிரிட்டிஷ் ஜனரஞ்சகப் பாட்டு உலகத்தையே கையில் வைத்துக்கொண்டிருந்த மூவர். அவர்களுடைய முதல் வெற்றிகளில் இது ஒன்று. 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பி.பி.சி. நிகழ்ச்சியில் இறுக்கமான கவுனில் வந்து நின்று, "ஆண்பிள்ளை என்று நினைப்போ உனக்கு?" என்ற தோரணையில் ஓர் ஆண்பிள்ளை அதட்டியபோது, சில வீடுகளில் ஆட்சேபம் எழுந்ததில் ஆச்சரியமில்லை.

அது சங்கீதம் அல்ல என்பீர்கள். சரி, அதுவும் நடிப்புத்தான் என்பேன் நான். பாடத் தெரியாதவன் ஒரு பாடகி பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராகப் போய், இரவு விடுதிகளில் வேர்த்து விறுவிறுத்து ஆடி, கூட்டத்தைத் திட்டிச் சிரிக்க வைத்து, வயிறு வளர்த்தான். அதில் அவனுக்கு நஷ்டமும் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அதே கவுன், அதே பொய்ம்முடி, அதே வசைதான் வேண்டும் என்றார்கள். அந்த வேஷம்தான் அவனுக்குச் சோறு போட்டது. அவனைச் சிறை வைத்ததும் அதுவேதான். "அவனே அதை விற்றுப் பிழைத்தானே" என்று சொல்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். விற்றான். ஆனால் வேறு சரக்கும் கடையில் இருக்கிறது என்று கூவிக்கொண்டேதான் விற்றான். 1985-இல் ஆலன் ருடால்ஃப் எடுத்த 'டிரபிள் இன் மைண்ட்' படத்தில் ஆண் உடையில், ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவனாக வந்தான். அந்த மாதிரி அழைப்புகள் அதிகம் வரவில்லை.

கடைசியாக 1988 பிப்ரவரியில் 'ஹேர்ஸ்ப்ரே' வந்தது. அதுவும் ஜான் வாட்டர்ஸ் எழுதி எடுத்த படம். கதை நடப்பது 1962-இல், அதே பால்டிமோரில். டெலிவிஷனில் இளைஞர்கள் ஆடும் நடன நிகழ்ச்சி ஒன்று. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். கறுப்பர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். டிரேசி என்ற குண்டுப் பெண் அதில் ஆட இடம் பிடித்து, பிறகு அந்தப் பாகுபாட்டையே எதிர்த்து நிற்கிறாள். அவளுடைய தாய் எட்னாவாக நடித்தவன் டிவைன்.

அன்றைக்கு மண்டபத்தில் நான் சொன்ன தாய் வேஷம் இதுதான். கலைந்த தலை, சாயம் போன வீட்டுக் கவுன், இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நிற்கிற ஒரு குண்டு அம்மாள். மகள் ஆடப் போகிறாள் என்றதும் அவளுக்கு முதலில் எரிச்சல், அப்புறம் சந்தேகம், அப்புறம் மெல்ல மெல்லப் பெருமை. மகள் புகழ் பெற்றதும் தானும் தலையை அலங்கரித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது முகத்தில் ஒரு வெட்கம் வருகிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வேஷம் மாறி வருகிற நம் படங்களில் கடைசியில் வேஷம் கலையும். உள்ளே ஆண்பிள்ளை இருந்தான் என்பதுதான் கதையின் சுவாரஸ்யம். 'ஹேர்ஸ்ப்ரே'யில் அது கிடையாது. எட்னா ஆரம்பம் முதல் கடைசி வரை எட்னாதான். கதைக்குள் இருக்கும் ஒருவரும் அவளைச் சந்தேகப்படவில்லை. நடிகன் ஒருமுறைகூட நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டவில்லை. சற்று நேரத்தில் நாமும் மறந்துவிடுகிறோம். அதே படத்தில் நிறவெறி பிடித்த டெலிவிஷன் நிலைய முதலாளியாகவும், ஆண் உடையில், அவனே வருகிறான். அந்த வெறுப்பும் இந்தத் தாய்மையும் ஒரே முகத்திலிருந்து வந்தவை என்று சொன்னால்தான் தெரியும்.

பத்திரிகைகள் பாராட்டின. எந்தக் கதவு அத்தனை வருஷம் மூடிக் கிடந்ததோ, அது திறந்தது. 'மேரீட் வித் சில்ட்ரன்' என்ற டெலிவிஷன் தொடரில் ஒரு வேஷத்துக்கு அழைத்தார்கள். மாமன் ஓட்டோ என்ற ஆண் வேஷம்! லாஸ் ஏஞ்சலிஸ் போனான், ஒத்திகையும் பார்த்தான். 1988 மார்ச் 7-ஆம் தேதி இரவு ஹோட்டல் அறையில் தூங்கினவன் எழுந்திருக்கவில்லை. இதயம் பெருத்து நின்றுபோயிற்று. மறுநாள் படப்பிடிப்பு. வயது 42.

அதன் பிறகு நடந்தவை சரித்திரம். 1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' என்ற கார்ட்டூன் படத்தின் கடல் சூனியக்காரிக்கு அவன் முகத்தையும் உடம்பையும் மாதிரியாக வைத்து வரைந்தார்கள். 'ஹேர்ஸ்ப்ரே' 2002-இல் பிராட்வே இசை நாடகமானது. அடுத்த வருஷம் எட்டு டோனி விருதுகளைப் பெற்றது. எட்னாவாக நடித்த ஹார்வி ஃபையர்ஸ்டைனுக்கு அதில் ஒன்று. 2007-இல் மறுபடி படமானபோது எட்னாவாக ஜான் டிரவோல்டா நடித்தார். எட்னாவை ஆண்பிள்ளைதான் நடிக்க வேண்டும் என்பது இப்படி ஒரு சம்பிரதாயமாகவே ஆயிற்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காப்பாற்ற வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் 'பிங்க் ஃபிளமிங்கோ'ஸை 2021-இலும் 'ஹேர்ஸ்ப்ரே'யை 2022-இலும் சேர்த்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் நல்ல கலைஞர்கள். ஆனால் டிரவோல்டா பெண் வேஷம் போட்டபோது, "நட்சத்திரம் என்னமாய் நடிக்கிறார்!" என்றுதான் உலகம் பேசியது. டிவைனுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் இருபது வருஷம் போயிற்று. சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் உயிர் போயிற்று.

பேராசிரியர் அவர்களே, நீங்கள் படித்தவர். என்னைப் போல இன்டர்மீடியட்டோடு நின்றவரல்ல. மலம் தின்ற காட்சி சில விநாடி. எட்னா மகளைப் பார்த்துப் பெருமையில் வெட்கப்படும் காட்சியும் சில விநாடிதான். இரண்டையும் செய்தவன் ஒரே மனிதன். இரண்டில் எதை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறோம் என்பது அவனுடைய தராதரத்தைக் காட்டாது. நம்முடைய தராதரத்தைத்தான் காட்டும்.

அடுத்த கூட்டத்தில் சந்திப்போம். நீங்கள் மறுபடி அதே கேள்வியைக் கேட்டால் நான் சிரிக்கப்போவதில்லை. "ஆமாம், அவன்தான். எட்னாவாக நடித்தானே, அதே நடிகன்" என்று சொல்லிவிட்டு என் காப்பியைக் குடிப்பேன்.